ஐடா வீட்டுக் கண்ணாடிவிரியன்

என்னை யாராவது பாம்பாட்டி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். மகுடி ஊதுகிறவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என் பெயர் கிளமெண்ட், கோலார் தங்கச் சுரங்கத்தில் மேட்டாக, அதாவது ஒரு கும்பலுக்கு மேஸ்திரியாக, இருந்தவன். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பதினெட்டு வருஷம் பெங்களூருக்கு ரயிலில் போய் ஒரு ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியாக நின்றேன். பாம்பு பிடித்ததெல்லாம் யாராவது கேட்டால் செய்கிற வேலை, காசு வாங்காத வேலை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டர்சன்பேட்டைக்குப் பின்னால் எங்கள் லைன். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தகர வேலி போட்ட ஒரு தோட்டம். தோட்டம் என்பது பேச்சுக்குத்தான். பாத்ரூம், துணி துவைக்கிற கல், கோழிக்கூண்டு, என்றைக்காவது இன்னொரு அறை கட்டலாம் என்று வாங்கிப் போட்டு அப்படியே கிடக்கும் ஹாலோ பிளாக் குவியல். அதில் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். சாரை வரும், நல்லபாம்பு வரும், மழை ஓய்ந்த மாதங்களில் கண்ணாடிவிரியனும் வரும்.

பாம்பு என்று யாராவது வந்து கூப்பிட்டால், முதலில் வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிடுவேன். லைன் முனையில் இருக்கும் குழாயடியில் போய் நிற்க வேண்டும். பின்பக்கம் நான் மட்டும்தான். சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு அப்படித்தான் செய்வோம். புகை அடங்கியதும் மேட் மட்டும் உள்ளே போவான். தொங்குகிற கல் இருக்கிறதா, வெடிக்காத குழி இருக்கிறதா என்று பார்ப்பான். பார்த்துவிட்டு ‘கிளியர்’ என்று குரல் கொடுப்பான். அதற்கப்புறம் ஒருவனும் தலை நிமிர்ந்து கூரையைப் பார்க்க மாட்டான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் லைனில் பாதிப் பேர் அந்தச் சொல்லை நம்பி உயிரோடு வீடு திரும்பியவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள். ஆகவே நான் சாக்கைக் கட்டிவிட்டு ‘கிளியர்’ என்றால் அதோடு பேச்சு முடிந்தது. வேறு ஊராக இருந்தால் சாக்கைத் திற, காட்டு என்பார்கள். இங்கே ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு ஐடா, என்னோடு ஒரே ஷிஃப்டில் இறங்கிய மனோகரின் மனைவி. மனோகர் நெஞ்சுச் சளியில் போய் எட்டு வருஷம் ஆகிறது. அவள் ஜாக்கெட் தைப்பாள். ஒரே மகன் எட்மண்ட். ஒயிட்ஃபீல்டில் வேலை. விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருகிறவன். அம்மாவும் மகனும் முகம் பார்த்துப் பேசுவதே ஞாயிற்றுக்கிழமையில்தான்.

போன நவம்பரில் முதல் ஞாயிறு. சர்ச் முடிந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி பியூலா பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தாள், பேரன் பிறந்த நேரம். பின்பக்கம் ஐடாவின் சத்தம் கேட்டது. ஹாலோ பிளாக் குவியலின் ஓரத்தில் தடித்த ஒரு கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்து, குக்கர் மாதிரி சீறிக்கொண்டிருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் எதிர்வீட்டு சைலஸ் போனை எடுத்து, விநாயக்கைக் கூப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

விநாயக் ராபர்ட்சன்பேட்டையில் மொபைல் கடை வைத்திருப்பவன். கையுறை, இரும்பு இடுக்கி, நெஞ்சில் எழுத்துப் போட்ட டீ ஷர்ட் எல்லாம் உண்டு. இரண்டு மாதம் முன்பு நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், சைலஸ் வீட்டு நல்லபாம்பை அவன்தான் பிடித்தான். பிடித்ததை எல்லாருக்கும் காட்டி, வீடியோ எடுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் வேறு நடத்திவிட்டுப் போயிருக்கிறான். அதிலிருந்து லைனில் அவன் நம்பர் இல்லாத போன் இல்லை. எனக்கு மண்டைக்கு ஏறியது.

“நான் இன்னா செத்தா பூட்டேன்?” என்று சைலஸைக் கேட்டேன். அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எல்லாரையும் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, கொக்கியும் சாக்கும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. ஒரு வருஷமாக என் வலது கை நடுங்குகிறது. டீ கிளாஸைப் பிடித்தால் தெரியும், அதனால் நாலு பேர் எதிரில் இடது கையால்தான் குடிப்பேன். பியூலாவுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்குக் கொக்கியை விரியனின் நடு உடம்புக்குக் கீழே கொடுத்துத் தூக்கினேன். நல்ல கனம். சாக்கின் வாயில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பைப் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அங்கே கை உதறியது. பாம்பு பொத்தென்று விழுந்து, நான் திரும்பக் கொக்கியை நீட்டுவதற்குள் பிளாக் குவியலின் அடியில் நுழைந்துவிட்டது.

அப்போது நான் வெளியே போய், தவறிவிட்டது, விநாயக்கைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை சின்ன வாக்கியம். நான் சொல்லவில்லை. பாத்ரூம் வாசலில் ஈரமான தேங்காய்நார் மிதியடி ஒன்று கிடந்தது. அதைச் சுருட்டிச் சாக்குக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினேன். சாக்கு நன்றாகவே தொங்கியது. குழாயடியிலிருந்து சைலஸ் ஆச்சா என்று கத்திக் கேட்டான். நான் கிளியர் என்றேன். அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயின் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சாக்கை மொபெட்டில் வைத்துக்கொண்டு சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டைத் தாண்டி, நான் வழக்கமாகப் பாம்பு விடுகிற புதர்க்காட்டுக்குப் போனேன். மிதியடியை ஒரு முள்செடிக்குள் எறிந்தேன். கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். விரியன் சோம்பேறிப் பாம்பு, பகலில் நகராது. ஐடா அந்தப் பக்கம் திங்கட்கிழமை துணி துவைக்கத்தான் வருவாள். சாயங்காலம் அம்மாவும் மகனும் டிவி பார்க்கும்போது பின்பக்கமாகப் போய், ஒருத்தருக்கும் தெரியாமல் பிடித்துவிடலாம். யோசித்துப் பார்த்தால் இதில் என்ன பெரிய பொய் இருக்கிறது? பிடிக்கப்போவதை அஞ்சு மணி நேரம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவ்வளவுதானே. இப்படியெல்லாம் எனக்கு மூளை ஓடியது.

வீட்டுக்கு வந்தால் ஐடா கோழிக்குழம்பு அனுப்பியிருந்தாள். சாப்பிட்டேன். கூச்சமில்லாமல் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பிறகு படுத்தவன் தூங்கிவிட்டேன்.

நாலேகாலுக்கு எட்மண்ட் வந்து கதவைத் தட்டினான். அம்மா பின்னால் பிளாக்கையெல்லாம் ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாளாம். பாம்பைப் பிடித்தாகிவிட்டது, இன்னொன்று வந்து தங்குவதற்கு முன்னால் குவியலைக் கலைத்துவிடலாம் என்று இன்றைக்கே இறங்கிவிட்டாளாம். இரண்டு கல்லுக்கு நடுவில் கை விட்டபோது ஏதோ கடித்திருக்கிறது. என்னவென்று பார்க்கவில்லை. விரல் வீங்குகிறது, எரிச்சல் தாங்கவில்லை என்கிறாள்.

“ரெண்டு புள்ளி கீது அங்கிள். பாம்பா இருக்குமா? டாக்டராண்ட கூட்டினு போவட்டா?”

நான் தூக்கக் கலக்கத்தில் இல்லை. அப்படி இருந்திருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவன் கேட்ட அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

“அதான் நான் புடிச்சினு போயிட்டனே. பூரானா இருக்கும். பூரானுக்கும் ரெண்டு பல்லுதான். சுண்ணாம்பு வெச்சி உடு.”

அவன் முகத்தில் நிம்மதி வந்தது. தேங்ஸ் அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்? பூரானாகவே இருக்கலாம் என்று ஒரு பக்கம். சும்மா பல் பட்டிருக்கும், விஷம் இறங்கியிருக்காது என்று ஒரு பக்கம். கடைசியில் நான் செய்தது என்ன தெரியுமா? ஐடாவைப் பார்க்கப் போகவில்லை. கொக்கியை எடுத்துக்கொண்டு சந்து வழியாக அவள் வீட்டுத் தகர வேலிக்குப் பின்னால் போய் நின்றேன். பாம்பைப் பிடித்து மறைத்துவிட்டால் பொய்யும் மறைந்துவிடும் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் உயிரைவிட அந்த நேரத்தில் எனக்கு அதுதான் முக்கியமாக இருந்திருக்கிறது.

வேலித் தகரத்தை நெம்பிக்கொண்டிருந்தபோது உள்ளே ஐடா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து எட்மண்டின் குரல், வாயில் ரத்தம் வருகிறதே அம்மா என்று. கொக்கியைப் போட்டுவிட்டு முன்பக்கம் ஓடினேன். அவள் பல் ஈறெல்லாம் ரத்தம். கை மணிக்கட்டு வரை வீங்கி மினுமினுத்தது. இது விரியன் கடி, உடனே கோலார் போக வேண்டும் என்று கத்தினேன். சைலஸ் தன் காரை எடுத்தான். வழியெல்லாம் ஐடாவின் தலை என் தோளில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு டாக்டர் வெளியே வந்து எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டார். எட்மண்ட் நாலு மணி என்றான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவனைக் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். படித்தவன்தானே, ரெண்டு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்தாய், பெற்ற தாய் என்ற எண்ணம் இல்லையா என்றெல்லாம். எட்மண்ட் தலையைக் குனிந்தபடி, தப்புதான் சார், தப்புதான் சார் என்றான். இந்த அங்கிள்தான் பூரான் என்று சொன்னார் என்று அவன் சொல்லவில்லை. நான் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். அவன் சொல்லிவிடுவானோ என்ற பயம் ஒன்றுதான் எனக்கு அப்போது இருந்தது.

மறுநாள் விநாயக் வந்து அதே குவியலிலிருந்து அந்த விரியனைப் பிடித்தான். உடனே லைன் முழுக்கப் பேச்சு கிளம்பிவிட்டது. இது நேற்றுப் பிடித்ததன் ஜோடி, துணையைத் தேடி வந்து பழி வாங்கிவிட்டது என்று. இருபது வருஷமாக இதே லைனில் நின்று, பாம்புக்கு ஜோடியும் கிடையாது பழியும் கிடையாது, மூடநம்பிக்கை என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதல் பாம்பை எங்கே விட்டீர்கள் சார் என்று விநாயக் கேட்டான். சயனைடு மேட்டுக்கு அந்தப் பக்கம் என்றேன். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு சரி சார் என்றான்.

ஐடா பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அஞ்சு தடவை டயாலிசிஸ். வலது கை ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்.

திரும்பி வந்ததிலிருந்து அவள் எட்மண்டோடு பேசவில்லை. அவன் வைத்த கஞ்சியைத் தொடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், பெற்ற பிள்ளை பூரான் என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தான், கிளமெண்ட் அண்ணன்தான் பார்த்தவுடனே கண்டுபிடித்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்றாள். பேத்தமங்களாவில் இருக்கும் தங்கையோடு போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவும் செய்துவிட்டாள். எட்மண்ட் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். நன்றாக இளைத்துப் போயிருந்தான். வழியில் பார்த்தால் அங்கிள் என்று தலையாட்டுவான். ஒரு தரமாவது அவன் என் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு சர்ச்சில் ஐடா சாட்சி சொல்ல எழுந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மரண இருளின் பள்ளத்தாக்கிலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கியெடுத்தார், அதற்கு எங்கள் கிளமெண்ட் அண்ணனைக் கருவியாகப் பயன்படுத்தினார் என்று சொல்லி அழுதாள். சபை முழுக்க அல்லேலூயா என்றது. பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தட்டினார். நான் பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. எட்மண்ட் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனதை மட்டும் பார்த்தேன். அந்த இடத்திலேயே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் எனக்கு நெஞ்சில் திராணி இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஐடா வீட்டுக்குப் போனேன். கதவோரம் இரண்டு பை கட்டி வைத்திருந்தது. நாலு மணி பஸ்ஸுக்குப் பேத்தமங்களா போகிறாள். எட்மண்ட் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐடா என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து, இடது கையால் சேரை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கை நடுங்கியது, பாம்பு தவறியது, மிதியடி, கோழிக்குழம்பு, தூக்கம். எட்மண்ட் ஓடி வந்து டாக்டரிடம் போகலாமா என்று கேட்டது. பூரான் என்று நான் சொன்னது. தகர வேலிக்குப் பின்னால் நின்றது. ஒன்றையும் விடவில்லை.

ஐடா தன் கையைப் பார்த்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள். மூன்று வாரம் கழித்து அவன் பெயரை அன்றைக்குத்தான் சொல்கிறாள்.

“எட்மண்டு. நீ அண்ணனாண்ட போய்க் கேட்டியா?”

அவன் திரும்பவில்லை. “கேட்டேன். கேட்டா இன்னாம்மா? என் அம்மா கை. அவர் இன்னா சொன்னாலும் நான் கூட்டினு போயிருக்கணும்.”

அவனுடைய தோள் குலுங்குவது தெரிந்தது. ஐடா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டுப் போட்ட கையை அவன் முதுகில் வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். நான் போகத் திரும்பினேன். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். அதையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அழலாம் என்று இருந்தேன். அவள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். குரலில் கோபமே இல்லை, ஏதோ சாமான் விலை விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

“அண்ணா, இதுக்கு முன்னாடி எத்தினி வாட்டி?”

இதுதான் ஒரே தரம் என்று சொல்ல வாய் எடுத்தேன். இத்தனையும் சொல்லிவிட்ட பிறகு அதையும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். கட்டிலில் அம்மாவும் மகனும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூணு,” என்றேன்.

எல்லாம் கை நடுங்க ஆரம்பித்த பிறகு நடந்தவை. ஒன்றில் பாம்பு எலி வளைக்குள் போய்விட்டது. ஒன்றில் தேடியும் கிடைக்கவில்லை. ஒன்றில் சரியாகத் தேடக்கூட இல்லை, எனக்குப் பயமாக இருந்தது. மூன்று வீட்டிலும் சாக்கைக் கட்டினேன், கிளியர் சொன்னேன், நன்றி வாங்கிக்கொண்டேன். ஒன்றும் நடக்காததால் அதெல்லாம் பொய் இல்லை என்று ஆகிவிட்டது. பியூலாவிடம் சொன்னதில்லை. ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. எந்தெந்த வீடு என்று ஐடா கேட்டாள். சொன்னேன்.

எட்மண்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து செருப்பை மாட்டினான். அம்மா, நான் வந்து சாப்பிடுகிறேன் என்றான். விநாயக்குக்குப் போன் போட்டு மூன்று வீட்டு விலாசத்தையும் சொல்லி, வரச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, “வாங்க அங்கிள், போலாம்,” என்றான்.

முதல் வீடு இரண்டு லைன் தள்ளி, ராதிகாவுடையது. ராதிகா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வயதுப் பெண் ஷில்பா, பாத்ரூம் சுவரோரம் வெறும் காலோடு உட்கார்ந்து, எலி வளைக்குள் ஒரு குச்சியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். எட்மண்ட் நேராகப் போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான். எனக்காக அவன் பேசப்போவதில்லை.

வாங்கண்ணா, இன்னா இவ்ளோ தூரம் என்று ராதிகா சிரித்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போகப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று அவளை நிறுத்தினேன்.

“அன்னைக்கி உன் வூட்ல நான் பாம்பு புடிக்கலம்மா.”